பதினோரு படுக்கை அளவு

1976ஆம் ஆண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கண் மருத்துவர் தம் 58ஆவது வயதில் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளைப் போட்டு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். 6 படுக்கைகள் காசு கொடுக்க வழியில்லாதவர்களுக்கு. மீதி 5 கொஞ்சம் கொடுக்க முடிந்தவர்களுக்கு. அவருடைய கைகளை முதன்முறை பார்த்த எவரும் இந்தக் கை கத்தி பிடிக்குமா என்று தயங்கியிருப்பார்கள். முடக்குவாதம் விரல்களை நிரந்தரமாகக் கோணலாக்கி விட்டிருந்தது. அந்த விரல்களுக்கு இடையில்தான் கத்தியைப் பிடித்து, ஆயுளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்து முடித்தார் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அந்த 11 படுக்கைகள்தான் இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் முடிவிலிருந்து சொல்கிறார்கள். பிரம்மாண்டமான மருத்துவமனை, பத்மஸ்ரீ விருது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாடம். கேட்பவர் கைதட்டிவிட்டு, ‘அவர் பெரிய மனிதர், நமக்கெல்லாம் ஆகுமா’ என்று எழுந்து போய்விடுகிறார். வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று தவிப்பவருக்கு உதவுவது இந்தக் கதையின் தொடக்கமும் நடுப்பகுதியும்தான்.

வடமலாபுரம் என்ற சிறு கிராமத்தில் 1918இல் பிறந்தவர் அவர். அவர் படித்த பள்ளியில் பலகையோ பென்சிலோ கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதித்தான் அகரம் படித்தார்கள். சிறு வயதில் உறவுப் பெண்கள் பிள்ளைப்பேற்றின்போது இறந்ததைப் பார்த்த பையன், பிரசவம் பார்க்கும் மருத்துவர் ஆவது என்று தீர்மானித்தான். அதற்காகத்தான் படித்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 30 வயதை எட்டும்போது முடக்குவாதம் தாக்கியது. நீண்ட காலம் படுத்த படுக்கை. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மகப்பேறு மருத்துவம் என்ற கனவு அந்தக் கட்டிலிலேயே முடிந்துபோனது.

எழுந்து நடக்க முடிந்தபோது அவர் கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். நுண்ணிய கருவிகளைக் கோணல் விரல்களில் பிடிக்க அணு அணுவாகப் பழகினார். அப்புறம் கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள். கண்புரை முற்றி, பார்வை போய், ‘வயசானால் அப்படித்தான்’ என்று வீட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான முதியவர்களை அந்த முகாம்களில்தான் அவர் கண்டார். பார்வையைப் பறித்த அந்த நோய் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையில் சரியாகக்கூடியது. இருந்தும் அவர்கள் இருட்டில் இருந்தார்கள்.

அவர் நோக்கத்தைத் தேடி அலைந்ததாக இந்த வரலாற்றில் எங்கும் இல்லை. விரும்பியது கைநழுவிப் போனது. உடம்பு எதற்கு இடம் கொடுத்ததோ அதைப் பிடித்துக்கொண்டார். அதைச் செய்யச் செய்ய, அதற்குள்ளிருந்தே ஒரு பெரிய தேவை தெரிய ஆரம்பித்தது. கைக்கு வந்த வேலையை விடாமல் செய்யும்போதுதான் நோக்கம் உருவாகிறது என்பதே இந்த அத்தியாயம் எடுத்துவைக்கும் வாதம்.

இதற்கு நேர் எதிரான ஒரு படம் இப்போது எல்லார் கைபேசியிலும் சுற்றுகிறது. ஒன்றை ஒன்று வெட்டும் நான்கு வட்டங்கள்: பிடித்தது, திறமை உள்ளது, உலகத்துக்குத் தேவையானது, சம்பளம் கிடைப்பது. நான்கும் சேரும் இடத்தில் ‘இக்கிகாய்’ என்று எழுதியிருக்கும். ஜப்பானியர்களின் தொன்மையான ரகசியம் என்று அதன் கீழே ஒரு குறிப்பும் இருக்கும். அந்தப் படம் ஜப்பானில் பிறந்தது இல்லை. நோக்கத்தைப் பற்றி ஸ்பெயின் நாட்டவர் ஒருவர் வரைந்த வட்டங்களுக்கு நடுவில், 2014இல் ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் அந்த ஜப்பானியச் சொல்லைப் பொருத்தினார். அவ்வளவுதான் அதன் தொன்மை.

அந்தச் சொல்லின் உண்மையான ஆழத்தைத் தொட்டவர் மியேகோ காமியா என்ற ஜப்பானிய மனநல மருத்துவர். நாகஷிமா தீவில் இருந்த ஐசெயின் தொழுநோய் இல்லத்தில் பணியாற்றி, இக்கிகாய் பற்றிய தம் நூலை 1966இல் வெளியிட்டார். ஜப்பானில் தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டம் 1996 வரை நீடித்தது. அந்தத் தீவில் இருந்தவர்களுக்கு வெளியே போய்த் தொழில் செய்யவோ சம்பளம் வாங்கவோ வழியில்லை. வெளியுலகம் அவர்களை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது. நான்கு வட்டக் கணக்குப்படி அவர்களுக்கு இக்கிகாய் இருக்கவே முடியாது. ஆனாலும் அங்கே சிலர் காலையில் எழுவதற்கு ஒரு காரணத்தோடு வாழ்ந்தார்கள். வேறு சிலர் வெறுமையில் வாடினார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் காமியாவைத் துரத்திய கேள்வி. நான்கு வட்டமும் சேரவில்லையே என்று கவலைப்பட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் அந்தப் படத்தை அழித்துவிடலாம். நஷ்டம் ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் எங்கே தொடங்குவது? ஒரு நல்ல இடம், பதில் சொல்ல முடியாமல் நின்ற கேள்வி.

1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்து சேர்ந்த உ. வே. சாமிநாதையருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அக்காலத்துப் புலவர் படிக்கக்கூடிய அத்தனையும் படித்தவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் நூல்களின் பெயர்களை அடுக்கினார். முதலியார் முகத்தில் அசைவே இல்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அதுவரை அந்தப் புத்தகம் கிடைத்ததும் இல்லை.

கற்ற மனிதரைக் கற்றதை வைத்தே ஒருவர் மடக்கினால் கோபம் வரும். சாமிநாதையர் திரும்பிப் போய்ப் படிக்க ஆரம்பித்தார். சிந்தாமணி சமணக் காப்பியம். சைவ மடத்தில் படித்தவருக்கு அதன் சொற்களும் சமயக் கருத்துகளும் புரியவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடு தேடிப் போய்ச் சந்தேகம் கேட்டார். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எங்கே சொல் முடிகிறது, எங்கே பாட்டு முடிகிறது என்பதும் தெரியாது. ஒரு ஏடு பூச்சி அரித்திருக்கும். இன்னொன்று கட்டை அவிழ்த்தாலே ஒடியும். ஒரு வரிக்கு நாலு பிரதியை ஒப்பிட வேண்டும். இப்படியே 7 வருடங்கள். 1887இல் சீவகசிந்தாமணி அச்சில் வந்தது. பின்னால் 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

அந்தச் சந்திப்பில் சாமிநாதையர் வாழ்நாள் சபதம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ள விரும்பினார். அதன் உரையில் மேற்கோள்களாக வந்த வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தேடப் போய் அடுத்த நூல், அதிலிருந்து அடுத்தது. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்தவருக்கு முழுக் கயிறும் கைக்கு வந்து சேர்ந்தது.

நம்மில் எவருக்கும் இப்படி ஒரு நுனி எங்கோ கிடக்கும். அதைக் கண்டெடுக்க ஒரு பயிற்சி. 40 பக்க நோட்டு ஒன்று போதும். 14 நாட்கள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு நாலு வரி. இன்று எதைப் பார்த்து மனசு கனத்தது? எந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றோம்? எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? யார் நம்மிடம் என்ன உதவி கேட்டு வந்தார்கள்? அலங்காரமாக எழுத வேண்டாம், பொதுவாகவும் எழுத வேண்டாம். ‘சமூகத்தின் நிலை வருத்தம் தருகிறது’ என்று எழுதினால் அந்த வரியால் பயன் இல்லை. ‘பேங்கில் ஒரு பாட்டி பணம் எடுக்கும் சலானை நீட்டி, எழுதித் தரச் சொன்னார், எனக்கு அவசரம், பக்கத்தில் இருந்தவரைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன்’ என்று எழுதினால் அது பயன்படும். 15ஆம் நாள் காலையில் மொத்தத்தையும் ஒரே மூச்சில் படித்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கு அடியில் கோடு போடவும். மூன்று முறையாவது வந்த சொல் எதுவோ அதுதான் நுனி. டாக்டர் வெங்கடசாமியும் பல ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். தம்மைத் தாமே கேள்வி கேட்டுக்கொள்வதற்கே அந்தப் பக்கங்கள் அவருக்குப் பயன்பட்டன.

சில சமயம் அந்தச் சொல் ஓர் இழப்பாக இருக்கும். அதை ஒதுக்கிவிட வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். மருத்துவரான அக்காவால் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் முடிந்தது. அது 1920களில் நடந்தது. அதன் பிறகு அவர் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடினார், ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையின் நினைவு மட்டும் உள்ளேயே இருந்தது. 1954 ஜூன் மாதம் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டபோது அவருக்கு 67 வயது. முதலில் போட்டது 12 படுக்கைகள்.

மதுரையில் 11, அடையாற்றில் 12. இந்த எண்களைத்தான் இந்த அத்தியாயம் வாசகரின் மனசில் பதிக்க விரும்புகிறது. நோக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு அறக்கட்டளை, பதிவு, லெட்டர்பேடு, தொடக்க விழா என்று கற்பனை ஓடுகிறது. அது ஓடி முடிவதற்குள் ஆசையும் அடங்கிவிடுகிறது. பெரிய எண்ணத்தைப் பதினோரு படுக்கை அளவுக்குக் குறைத்துக்கொள்ளத் தெரிவது ஒரு தனித்திறமை. யாரிடமும் அனுமதி கேட்காமல், கடன் வாங்காமல், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தொடங்கக்கூடியது எது? இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுத வேண்டும்.

மேலே சொன்ன சலான் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நோட்டில் அந்தப் பாட்டி மூன்று முறை வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ‘முதியோர் நலனுக்காக உழைப்பது’ என்பது தொடக்க விழா அளவு. ‘மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை பேங்க் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவது’ என்பது பதினோரு படுக்கை அளவு. அரசு விடுமுறை வந்தாலொழிய முதல் சனிக்கிழமை பேங்க் திறந்திருக்கும். கவுன்ட்டரில் நூலில் கட்டித் தொங்கும் பேனா பாதி நாள் எழுதாது. ஆகவே வீட்டிலிருந்து நல்ல பேனா இரண்டு, மூக்குக் கண்ணாடி மறந்து வருபவர்களுக்காக ஒரு பூதக்கண்ணாடி, கைநாட்டு வைப்பவர்களுக்காக மைப்பெட்டி. இவ்வளவுதான் முதலீடு. நாலு சனிக்கிழமை உட்கார்ந்தவருக்கு எந்தக் கட்டத்தில் எல்லாரும் தடுமாறுகிறார்கள் என்பது தெரியும். நவம்பரில் ஓய்வூதியர்கள் ஆயுள் சான்றிதழ் கொடுக்க அலைவது தெரியும். படுக்கையில் இருப்பதால் வரவே முடியாதவர்கள் யார் என்பது தெரியும். ஐந்தாவது சனிக்கிழமை என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த பெஞ்சே சொல்லிக் கொடுத்துவிடும்.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். கணக்கு வழக்கில் உதவும்போது அடுத்தவர் பணத்தைக் கையில் வாங்குவதும் ரகசிய எண்ணைக் கேட்பதும் கூடவே கூடாது. நல்ல மனசுக்கும் வரம்பு உண்டு.

‘நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்’ என்ற வாக்கியத்தைச் சொன்ன நாளிலேயே அந்த வேலை பாதி செத்துவிடுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஒரு சோதனை செய்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் முடித்தார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே முடித்தார்கள். ஆசை இரு சாராருக்கும் இருந்தது. கிழமை, மணி, இடம் மூன்றையும் எழுதியதுதான் வித்தியாசம். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு வேறு வேலை சொல்ல மாட்டார்கள்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்ற பேச்சையும் நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி தலைமையில் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆனது. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதே ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி ஆறுதலானது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. காய்ச்சலில் படுத்தால், கல்யாணத்துக்குப் போனால், மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம்.

வேலையை விட்டுவிட்டுக் கனவைப் பின்தொடரச் சொல்லும் மேடைப் பேச்சுகள் நிறைய. குடும்பத்தில் ஒருவர் சம்பளத்தில் நாலு பேர் சாப்பிடும் வீடுகளில் அது ஆபத்தான அறிவுரை. சாமிநாதையர் வேலையை விடவில்லை. கும்பகோணத்தில் 1903 வரை, பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் 1919 வரை பாடம் நடத்திக்கொண்டேதான் ஏடு தேடினார். கல்லூரி நேரம் போக மிஞ்சியதும் விடுமுறையும்தான் சுவடிகளுக்கு. அச்சுச் செலவுக்கு, புத்தகம் வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். டாக்டர் வெங்கடசாமியும் அரசுப் பணியை முழுதாக முடித்துவிட்டுத்தான் மதுரை வீட்டுக்கு வந்தார். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். குடும்பமே கூட நின்றது. வீட்டு நகைகள் அடகுக் கடைக்குப் போயின. குடும்பத்தாரைக் கேட்காமல் எடுத்த முடிவாக இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி முதல் வருடத்தைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். ஆகவே நோட்டில் எழுதிய அந்த ஒரு வரியை, தொடங்குவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

சிலருக்கு வேலை போக எந்த நேரமும் மிஞ்சாது. இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய், இரவு 9 மணிக்கு வந்து சமைக்கும் பெண்ணிடம் ‘சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்’ என்று சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு வேலைக்குள்ளேயே இடம் இருக்கிறது. ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் ஆஸ்பத்திரியின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசி 2001இல் எழுதினார்கள். சம்பளம் ஒன்று, வேலைப் பட்டியல் ஒன்று. ஆனால் சிலர் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளி குணமடைவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்துச் செய்தார்கள். பார்க்க யாரும் வராத நோயாளியிடம் ஒரு நிமிடம் நின்று பேசினார்கள். இதைச் செய்யும்படி எந்த உத்தரவிலும் எழுதியிருக்கவில்லை. ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த உதாரணத்தைக் காட்டிக் குறைந்த சம்பளத்தை நியாயப்படுத்தும் முதலாளிகள் உண்டு. அர்த்தமுள்ள வேலைக்கும் உரிய கூலி வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எதிலும் பிடிப்பில்லை, எழவே மனமில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டது என்ற நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை நோக்கம் இல்லாத குறை என்று எண்ணி, இதுபோன்ற நூல்களில் மருந்து தேடக் கூடாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவத்தில் சரியாகும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவச அழைப்பு. தமிழிலும் பேசலாம்.

பயிற்சியை முடிக்கும் வரை அடுத்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டாம். அது நோட்டில் கோடு போட்ட சொற்களை வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய அத்தியாயம். வெறுங்கையோடு படித்தால் பயன்படாது. இன்று இரவு முதல் நாலு வரி. இன்றிலிருந்து 15ஆம் நாள் காலை, கையில் ஒரு பென்சிலோடு உட்காருங்கள்.